விண்ட்மில் பிட்சிங் சாதனங்கள்: எதை வாங்கலாம், எது காசுக்குக் கேடு

பேஸ்பாலின் உறவான சாஃப்ட்பாலில் விண்ட்மில் பிட்சிங், அதாவது கையை முழு வட்டமாகச் சுற்றிக் கீழிருந்து பந்தெறிவது, பழகத் தொடங்கும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்று தேடினால், மணிக்கட்டில் மாட்டும் பட்டையிலிருந்து இடுப்பில் கட்டும் ரப்பர் கயிறு வரை சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. எந்த அட்டைப்பெட்டியைத் திருப்பினாலும் ‘வேகம் கூடும்’ என்றுதான் எழுதியிருக்கிறது. இந்த மதிப்புரையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் எல்லாவற்றிடமும் கேட்டிருக்கிறோம்: பிள்ளை தப்பாக எறியும்போது இந்தப் பொருள் அதைக் காட்டிக்கொடுக்கிறதா, மூடி மறைக்கிறதா? பிராண்டுப் பெயர்களுக்குள் போகவில்லை. இந்தச் சாமான்களில் பிராண்டுக்கு பிராண்டு உள்ள வேறுபாட்டைவிட வகைக்கு வகை உள்ள வேறுபாடுதான் பெரிது.

முதலில் எறியும் முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் எந்தச் சாதனத்தையும் எடைபோட முடியாது. வலக்கைப் பிட்சரை எடுத்துக்கொள்வோம். வலது கால் தட்டை, அதாவது எறியத் தொடங்கும் இடத்தில் தரையில் பதித்த ரப்பர் பலகையை, உந்துகிறது, இடது கால் முன்னே போய் ஊன்றுகிறது. கை முன்புறமாக மேலே போய், தலைக்கு மேல் வந்து, பின்புறமாக இறங்கி, இடுப்பருகே பந்தை விடுகிறது. கடிகாரமாகச் சொன்னால், மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது அவரது வலக்கைப் பக்கம், நின்று பார்க்கும்போது 3, 12, 9, 6 என்ற வரிசையில் கை சுற்றுகிறது. ஊன்றும் கால் தரையைத் தொடும்போது கை 12-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். முன்கால் பிரேக் போட்டதுபோல் விறைத்து நிற்கிறது. ஓடிவந்த உடலின் வேகம் அங்கே தடைபட்டு இடுப்பு, தோள், மேற்கை, முன்கை என்று வரிசையாக ஏறுகிறது. கடைசியில் முன்கையின் உட்புறம் இடுப்போரம் உரசுகிறது. அந்த உரசலில் மேற்கை வேகம் குறைய, முன்கை சவுக்கின் நுனிபோல உட்புறமாகத் திரும்பிப் பந்தை உதறிவிடுகிறது. அந்த நேரத்தில் மணிக்கட்டு தளர்வாக இருந்தாலே போதும், சுண்டல் தானாக வரும்.

இதைப் பல காலம் வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் பேஸைப் பார்த்து வைத்துக் கீழே தள்ளு, மணிக்கட்டைச் சுண்டு, முடிவில் முழங்கையை எதிரே பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முகத்துக்கு நேரே தூக்கு என்று. முன்னணிப் பிட்சர்களின் ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அப்படி எறிபவரைக் காண்பது கடினம். முழங்கை தாழ்வாகவும் தளர்வாகவும் முடிகிறது. உள்ளங்கை உட்புறமாகப் புரண்டிருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் சாமான்களில் பாதி அந்தப் பழைய பாடத்துக்காகச் செய்யப்பட்டவை. வாங்கும் முன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். முழங்கை மூக்குக்கு நேராக நிற்கிறதா? அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

பிட்சிங் மேட்

காசு செலவழிப்பது என்று முடிவானால் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். செயற்கைப் புல்லில் ரப்பர் அடிப்பாகம் வைத்துத் தைத்த நீளமான விரிப்பு. ஒரு முனையில் 24 அங்குல அகலமும் 6 அங்குல ஆழமும் கொண்ட தட்டு, அதன் நடுவிலிருந்து நேராக ஒரு கோடு, இருபுறமும் எல்லைக்கோடுகள். எல்லைகளுக்கு இடைப்பட்ட அகலமும் தட்டின் அளவான 24 அங்குலம், அதாவது 61 செ.மீ., இருக்க வேண்டும். ஊன்றும் கால் அந்த அகலத்துக்குள் விழ வேண்டும் என்பது விதி. சில மலிவு மேட்டுகளில் அழகுக்காக எல்லையை அகலமாக அச்சிட்டிருக்கிறார்கள். டேப்பால் அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

நடுக்கோட்டின் பயன் முதல் பத்து பந்துகளிலேயே தெரிந்துவிடும். ஊன்றும் கால் கோட்டைத் தாண்டி வலப்புறம் விழுந்தால், பிள்ளையின் இடுப்பே அவள் கைக்கு மறியல் போடுகிறது. கை இடுப்பைச் சுற்றி வளைந்து வர வேண்டியிருப்பதால் பந்து ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என்று சொல்பேச்சுக் கேட்காமல் போகும். கால் இடப்புறம் அதிகம் விலகினால் உடல் அந்தப் பக்கம் சாயும், இடுப்பு கையை விட்டு நகரும், உரசல் போய்விடும், வேகமும் போய்விடும். இரண்டிலும் பெற்றோர் கண்ணில் படுவது ‘பந்து கோணலாகப் போகிறது’ என்பதுதான். உடனே ‘கையை நேரா விடும்மா’ என்கிறார்கள். கை நேராகத்தான் வருகிறது. கோணல் காலில் இருக்கிறது.

கால் விழும் கோணத்தையும் மேட்டிலேயே பார்க்கலாம். பெருவிரல் கேட்சரை நேராகப் பார்த்தால் இடுப்பு சீக்கிரமே மூடிக்கொள்ளும், அதாவது கேட்சரை நேராகப் பார்க்கத் திரும்பிவிடும். பாதம் முழுக்கப் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் முன்காலால் பிரேக் போட முடியாது, முழங்காலுக்கும் நல்லதல்ல. 30 முதல் 45 டிகிரி சரி. மேட்டில் இந்தக் கோணம் அச்சாகவில்லையென்றால் வண்ண டேப்பில் ஒரு துண்டு வெட்டிச் சாய்வாக ஒட்டிக்கொள்ளலாம். காலடியின் நீளத்தை அடிஸ்கேலால் அளப்பதைவிடப் பிள்ளையின் ஷூவாலேயே அளப்பது நல்லது. தட்டிலிருந்து ஐந்தரை, ஆறு ஷூ நீளம் என்பது தொடக்கநிலைக்குப் போதும். 22 செ.மீ. ஷூ என்றால் ஏறக்குறைய 1.2 முதல் 1.3 மீட்டர். அதற்கு மேல் எட்டிக் குதிக்கச் சொன்னால் பிள்ளை முன்னால் கவிழும். முன்கால் வளைந்து உள்வாங்கிவிடும்.

மேட்டின் இன்னொரு பயன் பெட்டியில் எழுதியிருக்காது. உந்தும் காலின் ஷூ நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிவிட்டு ஒரே ஒரு பந்து எறியச் சொல்லுங்கள். பிறகு குனிந்து பச்சை விரிப்பைப் பாருங்கள். தட்டிலிருந்து மெல்லிய ஒற்றைக் கீறலாக, நடுக்கோட்டை ஒட்டியே வெள்ளைத் தடம் போயிருந்தால் கால் பெருவிரல் ஓரத்தில் இலேசாக இழுபட்டிருக்கிறது. எடை முன்னே போய்விட்டது. தடம் பட்டையாக, ஷூவின் பாதி அகலத்துக்கு அப்பியிருந்தால் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது. கீறல் நடுவில் அறுந்து, ஒரு சாண் தள்ளி அழுத்தமான வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பிள்ளை தட்டை விட்டு எழும்பி இரண்டாம் முறை ஊன்றி உந்துகிறாள் என்று அர்த்தம். அது ஆட்ட விதிப்படி தப்பு. நடுவர் கை தூக்குவார். இரு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழலாமா என்பதில் அமைப்புக்கு அமைப்பு விதி மாறுபடுகிறது, பிள்ளை ஆடும் அமைப்பின் விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி ஊன்றி உந்தும் பழக்கத்தையோ எந்த ஊர் விதிக்காகவும் வளர விடக் கூடாது.

குறையும் இல்லாமலில்லை. மேட்டில் தட்டு வெறும் அச்சு, அல்லது மெல்லிய ரப்பர் பட்டை. மைதானத்துத் தட்டின் முன்னே மண் குழிந்திருக்கும். மேட்டில் மட்டுமே பழகிய பிள்ளை மைதானத்தில் முதல் நாள் தடுமாறும். வாரத்தில் ஒரு நாளாவது மண்ணில் எறிய வேண்டும். வழுவழுப்பான தரையில் மேட்டே நகர்ந்துவிடுவதும் உண்டு. அடிப்பாகம் மெல்லிய நுரையாக இல்லாமல் கனத்த ரப்பராக இருந்தால் நகராது. இரும்பு முள் ஷூ போட்டு ஏறினால் ஒரே மாதத்தில் புல் உதிர்ந்துவிடும்.

கோடு போட்ட பந்து, ஸ்பின்னர் தட்டு

எந்தப் பந்து என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். பத்து வயதுப் பிரிவில் 11 அங்குலச் சுற்றளவுப் பந்து வழக்கம். அதன் எடை சுமார் 167 முதல் 174 கிராம். அதற்கு மேல் 12 அங்குலப் பந்து, 177 முதல் 198 கிராம். ‘எப்படியும் பெரிய பந்தில்தானே ஆடப்போகிறாள்’ என்று சின்னக் கையில் 12 அங்குலத்தைத் திணித்தால், விரல் நுனியில் நிற்க வேண்டிய பந்து உள்ளங்கைக்குள் போய்விடும். உள்ளங்கையிலிருந்து கிளம்பும் பந்துக்குச் சுழற்சி கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று சாயம் பூசிய ‘ஸ்பின் பந்து’ தனியாக விற்கிறது. நல்ல பொருள்தான், ஆனால் அவசியமில்லை. சாதாரணப் பந்தில் இரண்டு செ.மீ. அகல எலக்ட்ரிக்கல் டேப்பை முழு வட்டமாகச் சுற்றினால் அதே வேலை நடக்கும். டேப் நடுவிரலின் நேர்க்கோட்டில், கேட்சரை நோக்கி ஓடும்படி பந்தைப் பிடிக்க வேண்டும். எறிந்தபின் பார்த்தால், சக்கரம் உருள்வதுபோல் பந்து முன்னோக்கி உருண்டு போகும். டேப் ஒற்றைக் கறுப்புக் கோடாக அசையாமல் நிற்கும். அப்படி நின்றால் விரல்கள் பந்தின் பின்னால் நேராக இருந்து விட்டிருக்கின்றன. கோடு சற்றே சாய்ந்து, ஆனால் அசையாமல் நின்றால் கவலை வேண்டாம். முன்கை திரும்புவதால் வரும் சாய்வு அது. தள்ளாடும் பம்பரம்போலக் கோடு ஆடினால் விரல்கள் நடுவிலிருந்து விலகியிருக்கின்றன. துப்பாக்கிக் குண்டுபோலப் பக்கவாட்டில் சுழன்றால், கை பந்தின் பக்கத்தைத் தடவிவிட்டிருக்கிறது. முன்கை நேரத்துக்குத் திரும்பவில்லை. வலையில் முப்பது நாற்பது எறிக்கு டேப்பின் ஓரம் பிய்ந்துவிடும். பிய்ந்த டேப்போடு எறிந்தால் விரலில் ஒட்டும், மாற்றிவிடுங்கள்.

பந்தின் நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுத்ததுபோல் இருக்கும் தட்டையான ‘ஸ்பின்னர்’ பற்றி அபிப்பிராயம் இரண்டாகப் பிரியும். சுழற்சியை உடனே காட்டிவிடும், தப்பாக விட்டால் காற்றில் தட்டாம்பூச்சிபோல் படபடக்கும். அந்த அளவில் நமது கேள்விக்குத் தேறுகிறது. ஆனால் அதன் எடையும் தடிமனும் பந்தைப்போல் இல்லை. முழுச் சுற்றில் அதை எறியப் பழகிய பிள்ளை, பந்தைக் கையில் எடுத்ததும் விடும் நேரத்தைத் தவறவிடும். மூன்று மீட்டர் தூரத்தில், முழுச் சுற்று இல்லாமல், பயிற்சியின் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து எறிகளோடு நிறுத்திவிட வேண்டும். டிராப் (கீழே இறங்கும் பந்து), ரைஸ் (மேலெழும் பந்து) என்று பந்து வகைகளைப் படிக்கும் வயதில் இது உதவும். நேர்ப் பந்தே இன்னும் பிடிபடாத பத்து வயதுக்கு வீண்.

மணிக்கட்டுப் பட்டையும் முழங்கைக் கட்டும்

இந்த இரண்டையும் வாங்கவே வேண்டாம். ஒன்று மேற்கையை உடம்போடு சேர்த்துக் கட்டி, மணிக்கட்டை மட்டும் ஆட்டவிடும் பட்டை. மற்றொன்று முழங்கை மடங்காதபடி பிடித்துவைக்கும் கட்டு. ‘மணிக்கட்டில்தான் வேகம்’ என்ற நம்பிக்கையில் பிறந்தது முதலாவது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. மேற்கையையும் முன்கையையும் அசைக்காமல், மணிக்கட்டை மட்டும் சுண்டிப் பந்தை எறிந்து பாருங்கள். சில மீட்டர் போய்த் தரையில் விழும். அந்தச் சின்னப் பங்குக்காகத் தினமும் ஐம்பது முறை மணிக்கட்டைச் சுண்டப் பழகும் பிள்ளை, உண்மையான எறியின்போதும் மணிக்கட்டை முன்கூட்டியே இறுக்கிவிடுகிறது. இறுகிய மணிக்கட்டு சவுக்கின் நுனியில் முடிச்சுப் போட்ட மாதிரி.

முழங்கைக் கட்டு இன்னும் மோசம். கை சுற்றி இறங்கும்போது முழங்கை இலேசாக மடிந்து, இடுப்பருகே நீள்வதுதான் இயல்பு. அதைப் பலகைபோல நேராக்கிவிட்டால் சவுக்கு குச்சியாகிவிடும், சுழலும் கையின் இழுப்பு முழுவதும் தோளில் இறங்கும். கீழிருந்து எறிவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. அது சரியல்ல. பந்தை விடும் நேரத்தில் தோள் மூட்டைப் பிரித்து இழுக்கும் விசை எறிபவரின் உடல் எடைக்கு நெருக்கமாகவே போகிறது என்று இளம் பிட்சர்களை அளந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது சோம்பல் சாக்கு அல்ல. அன்றைக்குப் பந்தைக் கீழே வைத்துவிட வேண்டும். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

உரசலைப் பழக்க எந்தப் பட்டையும் தேவையில்லை. சாக்பீஸ் மறுபடியும் போதும். முழங்கைக்குக் கீழே முன்கையின் உட்புறம் தூளைத் தேய்த்து, கறுப்பு அரைக்கால் சட்டை போட்டு எறியச் சொல்லுங்கள். வெள்ளைத் தடம் பக்கவாட்டுத் தையலின் மேல் இருந்தால் சரி. தையலுக்குப் பின்னால், பின்புறத்தை ஒட்டி இருந்தால் இடுப்பு அவசரப்பட்டு மூடிவிட்டது. பந்தை விடும்போது அது பாதி திறந்து, ஏறக்குறைய 45 டிகிரியில் இருக்க வேண்டும். தடமே இல்லையென்றால் உடல் இடப்பக்கம் சாய்ந்து கையை விட்டு விலகுகிறது. முன்கையில் கன்றிப்போகும் அளவுக்கு அடிபட்டால் அதுவும் இடுப்பு சீக்கிரம் மூடுவதால்தான். உரசல் வேறு, மோதல் வேறு.

கனப் பந்துகளும் காலுறைப் பந்தும்

8, 10, 12 அவுன்ஸ் என்று வரிசையாகக் கனப் பந்துகள் செட்டாக விற்கின்றன. கிராமில் 227, 283, 340. ஆட்டப் பந்தின் உச்ச எடையே 7 அவுன்ஸ்தான் என்பதை வைத்துப் பார்த்தால், 12 அவுன்ஸ் என்பது சிறு பிள்ளையின் தோளுக்கு எவ்வளவு பெரிய சுமை என்று புரியும். கனப் பந்து கையில் ஏறியதும் மூன்று தப்புகள் அடுத்தடுத்து வரும். சுற்று மெதுவாகும், மெதுவானதை ஈடுகட்டப் பிள்ளை தோளால் பிடித்துத் தள்ளும், தள்ளுவதற்காக உடம்பை முன்னே சாய்க்கும். பந்து வலையைச் சென்று சேர்வதால் இது எதுவும் வெளியே தெரியாது. தப்பை மூடி மறைக்கும் பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முறை நன்றாக நிலைத்துவிட்ட, உடலும் ஓரளவு தேறிய பதின்வயதுப் பிட்சருக்கு 8 அவுன்ஸ் பந்தில் பத்து எறி, உடனே ஆட்டப் பந்தில் பத்து எறி என்று பயிற்றுநர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது கொடுக்கலாம். செட்டில் மீதியுள்ள பந்துகளுக்குப் பிட்சிங்கில் வேலை இல்லை.

இதற்கு நேரெதிர், செலவே இல்லாத காலுறைப் பந்து. இரண்டு ஜோடிக் காலுறைகளை இறுகச் சுருட்டிக் கட்டினால் கைக்கு அடங்கும் உருண்டை கிடைக்கும். சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நின்று, கையை 9 மணி நிலையிலிருந்து மட்டும் இறக்கிச் சுவரில் அறையச் சொல்லுங்கள். எடை இல்லாததால் தோளால் தள்ள வழியில்லை. கை தளர்ந்து உதறினால்தான் சுவரில் ‘பட்’டென்று கேட்கும், தள்ளினால் ‘தொப்’பென்று விழும். காதாலேயே திருத்திக்கொள்ளலாம். தினம் இருபது எறி போதும், மழை நாளில் வீட்டுக்குள்ளும் நடக்கும்.

இடுப்புக் கயிறு

இடுப்பில் பட்டை மாட்டி, பின்னாலிருந்து ஒருவர் ரப்பர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை எதிர்த்து உந்திப் பாய வேண்டும். கால் உந்தலை உணரவைக்கும் என்பது உண்மை. ஆனால் கயிறு இழுக்கும்போது யாராக இருந்தாலும் தலையை முன்னே நீட்டிச் சாய்ந்துதான் போவார்கள். அந்தச் சாய்வோடு பந்தை எறியப் பழகினால் முன்கால் பிரேக் கெட்டுவிடும். பந்து இல்லாமல், ஐந்தாறு முறை, உந்தல் மட்டும். அவ்வளவுக்குத்தான் இது. அதற்காக வாங்க வேண்டுமா என்றால், தட்டிலிருந்து ஒற்றைக் காலில் உந்தி நீளத் தாண்டும் பயிற்சியே போதும்.

வலை

ஏழடிக்கு ஏழடி, அதாவது 2.1 மீட்டர்ச் சதுர வலை எல்லாருக்கும் பயன்படும், கேட்சர் கிடைக்காத நாட்கள்தானே அதிகம். வாங்கும்போது வலையைவிடக் கம்பிகளின் இணைப்பைப் பாருங்கள். கண்ணாடியிழைக் கம்பியின் முனையில் உலோகக் குழாய் செருகும் இடம்தான் முதலில் பிளக்கும். வலை அடிச்சட்டத்தில் ஒரு பை போல மடிந்திருந்தால் பந்துகள் அங்கேயே தங்கும், பொறுக்க ஓட வேண்டியதில்லை.

நடுவில் ஸ்டிரைக் மண்டலத்தை, அதாவது பந்து போய்ச் சேர வேண்டிய பரப்பை, சிவப்புக் கட்டமாகத் தைத்த வலைகளில்தான் சிக்கல். கட்டத்தைப் பார்த்ததும் பிள்ளை குறிபார்க்கத் தொடங்குகிறது. குறிபார்க்கும் கை 9 மணியிலிருந்து மெதுவாகிப் பந்தைக் ‘கொண்டுபோய் வைக்கிறது’. கட்டத்துக்குள் விழுந்ததால் பெற்றோர் கைதட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு தூரம் கூடியதும் பந்து பாதியில் விழுகிறது. அமெரிக்க விதிகளின்படி எறியும் தூரம் பத்து வயதுப் பிரிவில் 35 அடி, பன்னிரண்டில் 40 அடி, அதற்கு மேல் 43 அடி, மீட்டரில் 10.7, 12.2, 13.1. ஒவ்வொரு படியிலும் வைத்து எறிந்த கை தோற்கும், உதறி எறிந்த கை தாக்குப்பிடிக்கும். அதனால் தொடக்கத்தில் கட்டத்தின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மறைத்துவிடுங்கள். முதலில் மூன்று மீட்டரில் வலைக்குள் எங்கு விழுந்தாலும் சரி என்று முழு வேகத்தில். பிறகு ஆறு மீட்டரில். முறை கலையாமல் இருபது எறி வந்தபின் முழுத் தூரத்துக்கு. போர்வையை எடுப்பது அதற்குப் பிறகுதான். அப்போதும் முதலில் கட்டத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்தால் போதும். கேட்சர் முன்னே உள்ள ஹோம் பிளேட்டின் 17 அங்குல அகலத்தை நாலாகப் பிரித்து மூலையைக் குறிவைப்பதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ரேடார்

கையடக்க ரேடார் துல்லியமான கருவிதான், வைக்கும் இடம் சரியாக இருந்தால். பந்து வரும் கோட்டுக்கு நேரே, வலைக்குப் பின்னால் வைக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பிடித்தால் எண் குறையும். பந்தின் உண்மை வேகம் மணிக்கு 80 கி.மீ. என்றால், 10 டிகிரி விலகலில் 79 காட்டும், 20 டிகிரியில் 75, 30 டிகிரியில் 69. போன வாரம் நேராக, இந்த வாரம் பக்கவாட்டில் நின்று பிடித்துவிட்டு ‘வேகம் குறைஞ்சிடுச்சு’ என்று பிள்ளையைத் திட்டுபவர்கள் முதலில் தாங்கள் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

தப்பைக் காட்டுகிறதா என்ற நமது கேள்விக்கு ரேடார் பாதி மதிப்பெண்தான் வாங்கும். வேகம் குறைந்ததைச் சொல்லும், ஏன் என்று சொல்லாது. தினமும் திரையில் எண் தெரிந்தால் பிள்ளை எண்ணுக்காக எறியத் தொடங்கும்: காலை அளவுக்கு மீறி எட்டி வைக்கும், பல்லைக் கடிக்கும், தோளை இறுக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து எறி அளந்து, உச்சத்தை விட்டுவிட்டுச் சராசரியை மட்டும் எழுதி வையுங்கள். திரை பிள்ளைக்குத் தெரியாதபடி திரும்பியிருக்கட்டும். சங்கத்தில் ஒன்று இருந்தால் இரவல் வாங்கலாம், சொந்தமாக வேண்டியதில்லை.

கையிலேயே இருக்கும் கருவி

போனில் உள்ள ஸ்லோ மோஷன்தான் மேட்டுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் வசதி இருக்க வேண்டும். சாதாரண 30 பிரேமில் கை 9-லிருந்து 6-க்கு இறங்குவது ஓரிரு படத்தில் முடிந்துவிடும்; பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. 240-இல் அதே அசைவுக்கு ஏறக்குறைய பத்துப் படம் கிடைக்கும். வெளிச்சம் குறைந்தால் கை பஞ்சுபோல் கலங்கித் தெரியும், பகலில் எடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், பிள்ளையின் இடுப்பு உயரத்தில், எறியும் கைப் பக்கம் நாலைந்து மீட்டர் தள்ளி, நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும். சற்றுக் கோணலாக வைத்தாலும் சாயாத உடல் சாய்ந்ததுபோல் தெரிந்து, இல்லாத தப்பைத் திருத்தப் போவீர்கள்.

நான்கு இடங்களில் நிறுத்துங்கள். உந்தும் கால் தட்டை விட்டுக் கிளம்பும் படம்: எடை முன்னே போயிருக்கிறதா, கை முன்னால் நீண்டிருக்கிறதா. கை தலைக்கு மேல் உள்ள படம்: உள்ளங்கை மூன்றாம் பேஸ் பக்கம் பார்க்கிறதா, பின்னே திரும்பி இரண்டாம் பேஸைப் பார்க்கிறதா. ஊன்றும் கால் தரை தொடும் படம்: கை 12-க்கும் 9-க்கும் நடுவில் உள்ளதா. இந்த மூன்றாவது படத்தில்தான் மற்றவற்றைவிட அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கால் தொடும் நேரத்தில் கை 9-ஐத் தாண்டிக் கீழே வந்திருந்தால், கால் தாமதம். முன்கால் போடும் பிரேக் கைக்குப் போய்ச் சேர நேரம் இல்லை, அவள் வெறும் கையால் எறிகிறாள். இதை ‘காலைச் சீக்கிரம் வை’ என்று சொல்லித் திருத்த முடியாது. கையும் காலும் ஒன்றாகக் கிளம்புவதற்குப் பதில் கை முந்திக் கிளம்புவதுதான் காரணமாக இருக்கும். தொடக்கத்தைத் திருத்தினால் இது தானே சரியாகும். கடைசிப் படம் பந்தை விடும் இடம்: முன்கால் விறைத்து, உடல் நிமிர்ந்து, முன்கை இடுப்போடு. மூக்கு ஊன்றிய முழங்காலைத் தாண்டி முன்னே நீண்டிருந்தால் அவள் கவிழ்கிறாள்.

ஒரு நாளில் ஒரு தப்புக்கு மேல் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. வீடியோ கையில் இருப்பதால் பெற்றோருக்கு ஆசை வரும், பத்துக் குறையையும் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அடுத்த பந்தில் பிள்ளை மரம்போல் நிற்கும். காலுறைப் பந்தில் இருபது, மூன்று மீட்டரில் கோட்டுப் பந்தில் பதினைந்து, மேட்டில் ஆறு மீட்டரில் பதினைந்து, முழுத் தூரத்தில் பத்து என்று அறுபது எறிகளில் ஒரு நாள் பயிற்சி முடியட்டும். வீடியோ கடைசிப் பத்தில் முதல் மூன்றுக்கு மட்டும். களைத்த பிறகு எடுக்கும் படத்தில் தெரிவது களைப்பு மட்டும்தான்.

மொத்தமாக ஒரே பெட்டியில் விற்கும் ‘பிட்சர் கிட்’ பற்றியும் கேட்பார்கள். மேட், ஸ்பின்னர், மணிக்கட்டுப் பட்டை, கனப் பந்து ஒன்று, ரப்பர் கயிறு, ஒரு பை. தனித்தனியே வாங்குவதைவிட மலிவுபோல் தெரியும். ஆனால் வேண்டாததைச் சேர்த்துத் தருவதால் வேண்டியதில் சிக்கனம் பிடிக்கிறார்கள், அது பெரும்பாலும் மேட்டில்தான் விழுகிறது. நீளத்தைக் கேளுங்கள். மூன்று மீட்டர் நல்லது, இரண்டரை போதும். இரண்டுக்குக் கீழே என்றால் வளரும் பிள்ளையின் ஊன்றும் கால் ஒரே வருடத்தில் விளிம்புக்கு வந்துவிடும். விளிம்பில் கால் வழுக்கும் என்ற பயத்தில் அவள் காலடியைச் சுருக்கத் தொடங்குவாள், அந்தச் சுருக்கம் மேட்டில் எந்தத் தடமாகவும் தெரியாது. கிட்தான் கிடைக்கிறது என்றால், மேட்டின் முனையைத் தாண்டித் தரையிலும் அதே கோட்டைச் சாக்பீஸால் நீட்டி வரைந்து, உந்தும் இடத்தை அச்சிட்ட தட்டிலிருந்து காலடி நீளத்தில் பாதி அளவுக்கு முன்னே கொண்டுவந்து, கால் முழுக்கத் தரையில் விழும்படி செய்துகொள்ளுங்கள். பாதிப் பாதம் மேட்டிலும் பாதி தரையிலும் விழுவதுதான் கணுக்கால் பிசகும் இடம்.